விரல் நுனியில் ஒரு துளி

பாடம் 12: அறிவியல் வாசிப்பு

வாசிக்கும் முன்

உங்கள் வீட்டில் சுகர் பார்க்கும் சின்னக் கருவி இருக்கிறதா? அதை யார் பயன்படுத்துகிறார்கள்? ஒரு துளி ரத்தத்தைத் தொட்டதும் அதில் எப்படி எண் வருகிறது? இந்தப் பாடத்தில் முதலில் ஒரு கதை வரும். பிறகு அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கதையில் வருபவர்கள் நாம் வீட்டில் பேசுவதுபோலப் பேசுவார்கள். மற்றவை எழுத்துத் தமிழில் இருக்கும்.

1. வெள்ளிக்கிழமை காலை

சவூதி அரேபியாவில், ஜித்தா நகரில், ஷரஃபியா என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தெருவில் நடந்தால் அரபி, மலையாளம், தமிழ், உருது என்று பல மொழிகள் காதில் விழும். அங்கே ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் யாஸ்மின் வீடு. அவளுக்குப் பத்து வயது. அவளுடைய உம்மம்மா காயல்பட்டினத்திலிருந்து உம்ராவுக்கு வந்தார். ஒரு மாதமாக மகள் வீட்டில் இருக்கிறார்.

உம்மம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை நோய். தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். அன்றும் போட்டுக்கொண்டார். ஆனால், "பசியே இல்ல" என்று அரை இட்லியோடு எழுந்துவிட்டார்.

மாலையில் விருந்தினர் வருகிறார்கள். அதனால் உம்மம்மா கூடத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்தார். கொட்டை இருந்த இடத்தில் யாஸ்மின் ஒரு பாதாம் பருப்பை வைத்தாள். இரண்டு தட்டுகள் நிறைந்தன.

மணி பதினொன்று ஆனது. திடீரென்று உம்மம்மாவின் கை நடுங்கியது. பழம் கீழே விழுந்தது.

"உம்மம்மா, என்ன செய்யுது?" என்று யாஸ்மின் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. மேலெல்லாம் வேர்க்குது."

உம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "வெயில்தான். நேத்து வெளியில ரொம்ப நடந்துட்டாங்க" என்றார். ஏசியைக் கூட்டினார். ஆனால் உம்மம்மாவின் நெற்றியில் வியர்வை நிற்கவில்லை.

வாப்பா சுகர் பார்க்கும் கருவியை எடுத்து வந்தார். உம்மம்மாவின் விரலில் குத்தி, ஒரு துளி ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். திரையில் 243 என்று வந்தது.

"சுகர் ரொம்பக் கூடிடுச்சு! அதான் மயக்கம் வருது. இன்னொரு ஊசி போடணும்போல" என்றார் வாப்பா.

"பொறுங்க. கீழ செல்வி இருக்கா. அவள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்" என்றார் உம்மா.

இரண்டாவது மாடியில் இருக்கும் செல்வி ஆன்ட்டிக்கு ஊர் நாகர்கோவில். ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக வேலை செய்கிறார். யாஸ்மின் போய்க் கூப்பிட்டதும் உடனே மேலே வந்தார். உம்மம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"வேர்வை ஜில்லுன்னு இருக்கே. கையும் நடுங்குது. சுகர் குறைஞ்சாதான் இப்படி ஆகும். காலையில அம்மா என்ன சாப்பிட்டாங்க?"

"அரை இட்லி" என்றார் உம்மா.

"ஆனா மெஷின்ல 243 காட்டுதே" என்றார் வாப்பா.

யாஸ்மின் உம்மம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதோ தோன்றியது.

"ஆன்ட்டி, உம்மம்மா கையில பேரீச்சம்பழம் ஒட்டியிருக்கு. நாங்க கொட்டை எடுத்துட்டு இருந்தோம்."

செல்வி ஆன்ட்டி வாப்பாவைப் பார்த்தார். "கையைக் கழுவிட்டுப் பாத்தீங்களா அண்ணே?"

வாப்பா தலையை ஆட்டினார். "இல்லியேம்மா. அவசரத்துல மறந்துட்டேன்."

உம்மா வெந்நீர் கொண்டு வந்தார். உம்மம்மாவின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்தார். செல்வி ஆன்ட்டி வேறு ஒரு விரலில் குத்தினார். ஐந்து நொடிகள் ஆயின. ஒருவரும் பேசவில்லை.

திரையில் 54 என்று வந்தது.

"ஊசி போடாம இருந்தீங்களே, நல்லது. போட்டிருந்தா பெரிய ஆபத்து ஆயிருக்கும். ஜூஸ் இருக்கா?"

பக்காலாவில் வாங்கிய ஆரஞ்சு ஜூஸ் குளிர்பெட்டியில் இருந்தது. உம்மம்மா அதை மெதுவாகக் குடித்தார். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். இப்போது 92. உம்மம்மாவின் கை நடுங்கவில்லை. முகம் தெளிந்தது.

"என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க? ஜும்ஆவுக்கு நேரமாகலையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

2. கருவி பொய் சொன்னதா?

"மெஷின் பொய் சொல்லிடுச்சே" என்றார் வாப்பா.

"பொய் சொல்லல அண்ணே. விரல்ல இருந்த பழச் சக்கரையையும் சேத்துச் சொல்லிடுச்சு. எது ரத்தம், எது பழம்னு அதுக்குத் தெரியாது. தன்மேல பட்டதை மட்டுந்தான் சொல்லும்" என்றார் செல்வி ஆன்ட்டி.

"அது சக்கரைன்னு அதுக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?" என்று யாஸ்மின் கேட்டாள்.

நல்ல கேள்வி. நாமும் அதைப் பார்ப்போம்.

கருவியில் செருகும் சின்னப் பட்டையை எல்லோரும் ஸ்ட்ரிப் என்று சொல்கிறோம். முக்கியமான வேலை அந்த ஸ்ட்ரிப்பில்தான் நடக்கிறது. அதன் நுனியில் ஒரு நொதி தடவப்பட்டிருக்கும். நொதி என்பது உயிருள்ளவற்றின் உடலில் வேலைகளை வேகமாகச் செய்துமுடிக்கும் ஒரு பொருள். நம் எச்சிலிலும் நொதி உண்டு. சோற்றை நீண்ட நேரம் மென்றால் இனிப்பது அதனால்தான்.

பல ஸ்ட்ரிப்களில் இருக்கும் நொதியின் பெயர் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ். அதை ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கிறார்கள். பழைய வெங்காயத்தின் தோலில் கறுப்பாகப் பொடிபோல ஒன்று படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூஞ்சைதான் அது!

ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதான் பொருந்தும். அதுபோல, இந்த நொதி குளுக்கோஸ் என்ற சர்க்கரையைத்தான் முக்கியமாகப் பிடிக்கும். ரத்தத்தில் உப்பு, புரதம், கொழுப்பு என்று எத்தனையோ இருக்கும். நொதி அவற்றை விட்டுவிடும். குளுக்கோஸைப் பிடித்து, அதிலிருந்து எலக்ட்ரான்களை எடுக்கும். அந்த எலக்ட்ரான்கள் ஸ்ட்ரிப்பில் உள்ள மெல்லிய மின்முனைக்குப் போகும். அப்போது சிறு மின்னோட்டம் உண்டாகும். குளுக்கோஸ் அதிகமானால் மின்னோட்டமும் அதிகமாகும். கருவி அதை அளந்து, எண்ணாக மாற்றிக் காட்டும்.

ஆக, இங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன.

ஒன்று: அடையாளம் காண்பது. இது நொதியின் வேலை.
இரண்டு: சேதி சொல்வது. இது மின்முனையின் வேலை.

உயிருள்ளவற்றிலிருந்து வந்த பொருள் அடையாளம் காண்கிறது. கருவி சேதி சொல்கிறது. இப்படிப்பட்ட கருவிக்கு உயிரி உணரி என்று பெயர். இதற்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தமே போதும். ஒரு லிட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோலிட்டர்.

3. எறும்பு சொன்ன சேதி

அந்தக் காலத்தில் கருவி இல்லை. ஆனாலும் நம் நாட்டு வைத்தியர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சிலருடைய சிறுநீரில் எறும்பு மொய்த்தது. அதில் இனிப்பு இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். அந்த நோய்க்கு மதுமேகம் என்று பெயர் வைத்தார்கள். மது என்றால் தேன். எறும்புதான் அன்றைக்கு உணரி! ஆனால் எவ்வளவு சர்க்கரை என்று எறும்பு சொல்லாது. குறைந்துவிட்டது என்றும் சொல்லாது.

1962இல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். ரத்தத்தில் ஆக்ஸிஜனை அளக்கும் கருவியை அவர் முன்பே செய்திருந்தார். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் வேலை செய்யும்போது ஆக்ஸிஜன் செலவாகும். எனவே கருவியின் நுனியில் அந்த நொதியை வைத்தால், எவ்வளவு ஆக்ஸிஜன் குறைகிறது என்று பார்த்தே சர்க்கரையின் அளவைக் கணக்கிடலாம். இந்த யோசனையிலிருந்துதான் உயிரி உணரிகளின் கதை தொடங்குகிறது.

1975இல் அந்த யோசனையிலிருந்து வளர்ந்த கருவி விற்பனைக்கு வந்தது. அது ஆய்வுக்கூட மேசைமேல் வைக்கும் பெரிய கருவி. 1987இல் பேனா அளவுக் கருவி வந்தது. அதன் பிறகு நோயாளியே வீட்டில் உட்கார்ந்து, மின்னோட்டத்தின் மூலம் சர்க்கரையை அளக்க முடிந்தது.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் அந்த ஆய்வை நடத்தியது. இத்தனை பேரும் ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நிற்க முடியுமா?

4. மீன் பொரித்தால் கத்தும் அலாரம்

உங்கள் வீட்டுக் கூரையில் புகை அலாரம் இருக்கிறதா? உம்மா மீன் பொரிக்கும்போது அது கத்தியிருக்குமே! கொஞ்சம் புகை வந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். அதாவது, அதற்கு உணர்திறன் அதிகம். ஆனால் எது தீ, எது மீன் என்று அதற்குத் தெரியாது. அதாவது, அதற்குப் பிரித்தறியும் திறன் குறைவு.

நல்ல உயிரி உணரிக்கு இரண்டு திறனும் வேண்டும். மிகக் கொஞ்சமாக இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். வேறொன்றைப் பார்த்து ஏமாறவும் கூடாது. இவற்றோடு வேகமும் வேண்டும். உம்மம்மாவின் 54 ஐந்து நொடிகளில் தெரிந்தது. அது மறுநாள் தெரிந்திருந்தால் என்ன பயன்?

வேகம் ஏன் முக்கியம்? ஜித்தாவிலேயே நடந்த ஒரு கதை அதற்குப் பதில் சொல்லும்.

5. ஜித்தாவில் கண்டுபிடித்த வைரஸ்

2012 ஜூன் மாதம் ஜித்தாவில் ஒரு மருத்துவமனைக்கு 60 வயதுக்காரர் ஒருவர் வந்தார். கடுமையான காய்ச்சல். மூச்சு விட முடியவில்லை. சில நாட்களில் அவர் இறந்துவிட்டார். என்ன நோய் என்று யாருக்கும் புரியவில்லை.

அங்கே வேலை செய்த அலி முகமது ஸக்கி என்ற எகிப்திய வைரஸ் நிபுணர் அதை அப்படியே விடவில்லை. தெரிந்த வைரஸ்களை எல்லாம் தேடிப் பார்த்தார். எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில், அது கொரோனா குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டார். மாதிரியை நெதர்லாந்தில் உள்ள ராட்டர்டாம் நகரத்துக்கு அனுப்பினார். அது அதுவரை யாரும் பார்க்காத புதிய வைரஸ் என்று தெரிந்தது. செப்டம்பரில் உலகத்துக்குச் சேதி சொன்னார்கள். அந்த நோய்க்குப் பின்னர் மெர்ஸ் என்று பெயர் வந்தது. நோய் உறுதியானவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார்.

2014இல் ஜித்தாவில் பலருக்கு மெர்ஸ் வந்தது. பெரும்பாலும் மருத்துவமனைகளுக்கு உள்ளேயே பரவியது. யோசித்துப் பாருங்கள். காய்ச்சலோடு பத்துப் பேர் ஒரே அறையில் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டும் மெர்ஸ். அது யார் என்று தெரியப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர்களுக்கும், ஊசி போடும் நர்ஸுக்கும் தொற்றிவிடலாம். கால் மணி நேரத்தில் தெரிந்தால் அவரைத் தனி அறையில் வைத்துவிடலாம்.

6. ஒட்டகம் தந்த உதவி

ஜித்தாவுக்கு வடக்கே, செங்கடல் கரையில் துவல் என்ற ஊர் இருக்கிறது. காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்கே கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஷாஹிகா இனால், ஸ்டீஃபன் அரோல்ட், ராய்க் குருன்பெர்க் ஆகியோரின் குழு அங்கே ஓர் உயிரி உணரியைச் செய்தது. 2021இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டது. கோவிட் வைரஸின் புரதத்தையும் மெர்ஸ் வைரஸின் புரதத்தையும் அது கண்டுபிடிக்கும்.

அதிலும் அதே இரண்டு வேலைகள்தான்.

அடையாளம் காண்பது யார்? இங்கே நொதி இல்லை, நானோபாடி. நம் உடலில் கிருமியைப் பிடிக்கும் புரதங்கள் உண்டு. அவற்றுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். ஒட்டகத்தின் ரத்தத்தில் உள்ள சில எதிர்ப்பொருள்கள் நம்முடையவற்றைவிட எளிமையானவை என்று 1993இல் பெல்ஜியம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அவற்றின் நுனியை மட்டும் தனியாக எடுக்கலாம். அந்தச் சின்ன நுனிதான் நானோபாடி. அது சாதாரண எதிர்ப்பொருளில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சின்னக் கொக்கிபோல இருக்கும். ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த லாமாவிலிருந்தும் இதை எடுக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மெர்ஸ் வைரஸ் மனிதருக்கு ஒட்டகத்திடமிருந்து வந்தது. அதைப் பிடிக்கும் கொக்கியும் ஒட்டகக் குடும்பத்திடமிருந்தே கிடைத்தது!

சேதி சொல்வது யார்? ஒரு வகை டிரான்சிஸ்டர். தண்ணீர்க் குழாயின் திருகைக் கொஞ்சம் திருப்பினாலே தண்ணீர் நிறைய மாறும் அல்லவா? அதுபோல, வைரஸின் புரதம் கொக்கியில் மாட்டியதும் டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம் மாறும். புரதம் மிகமிகக் கொஞ்சமாக இருந்தாலும் அந்த மாற்றம் தெரியும். எச்சிலில் 5 மைக்ரோலிட்டர் எடுத்து, 10 நிமிடம் வைத்தால் போதும். வேறு நோயைத் தேட வேண்டுமா? கொக்கியை மட்டும் மாற்றினால் போதும்.

ஆய்வுக்கூடத்தில் ஒன்று நன்றாக வேலை செய்தால் மட்டும் போதாது. நிறையப் பேரிடம் சோதிக்க வேண்டும். வெயிலிலும் கெடாமல் இருக்க வேண்டும். எல்லோரும் வாங்கும் விலையில் செய்ய வேண்டும். கிளார்க்கின் யோசனை பேனா அளவுக் கருவியாக மாற 25 ஆண்டுகள் ஆயின.

7. குளிர்பெட்டியில் ஒரு தாள்

அன்று மாலை விருந்தினர் வந்தார்கள். பேரீச்சம்பழத் தட்டு காலியானது. இரவில் யாஸ்மின் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, குளிர்பெட்டியில் ஒட்டினாள்.

"முதலில் கை கழுவு. துடை. பிறகு குத்து."

உம்மம்மா அதைப் படித்தார். "எனக்கா எழுதியிருக்கே?" என்று கேட்டார்.

"வாப்பாவுக்கு" என்றாள் யாஸ்மின்.

நினைவில் வை

• சுகர் 70க்குக் கீழே போனால் அது குறைவு. கை நடுங்கும், வியர்க்கும், படபடப்பு வரும்.
• நினைவோடு இருப்பவருக்கு அரை டம்ளர் பழச்சாறு அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கலாம். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.
• மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.
• ஊசியைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும். நீ கவனித்ததைத் தயங்காமல் சொல்.

சொற்பொருள்

உணரி – ஒன்றைக் கண்டறிந்து தெரிவிக்கும் கருவி
நொதி – உடலில் வேலைகளை வேகமாக்கும் பொருள்
பூஞ்சை – ஈரமான பொருளில் படரும் நுண்ணுயிர்
மின்முனை – மின்னோட்டம் உள்ளே வரும் அல்லது வெளியே போகும் இடம்
மொய்த்தல் – கூட்டமாகச் சூழ்தல்
சேதி – செய்தி
பக்காலா – மளிகைக்கடை (வளைகுடாத் தமிழர் பேச்சில் வழங்கும் அரபிச் சொல்)

பேச்சும் எழுத்தும்

கூடிடுச்சு – கூடிவிட்டது
வேர்க்குது – வியர்க்கிறது
பாக்குறீங்க – பார்க்கிறீர்கள்
சொல்லல – சொல்லவில்லை
ஆயிருக்கும் – ஆகியிருக்கும்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. முதலில் 243 என்று ஏன் வந்தது?
2. உயிரி உணரியில் நடக்கும் இரண்டு வேலைகள் யாவை?
3. எறும்பு சொல்லாத எதைக் கருவி சொல்கிறது?
4. காத்திருக்கும் அறையில் வேகமான சோதனை எப்படி உதவும்?

ஆ. எழுத்துத் தமிழில் மாற்றுக.
1. "கையைக் கழுவிட்டுப் பாத்தீங்களா?"
2. "எது பழம்னு அதுக்குத் தெரியாது."

இ. பேசிப் பழகுக.
யாஸ்மின் அன்று எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நண்பரோடு பேசு.

ஈ. வீட்டில் கேட்டு வா.
தாத்தா, பாட்டியின் காலத்தில் ஊரில் சர்க்கரை நோயை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அவர்கள் சொன்னதை அவர்களுடைய பேச்சிலேயே ஐந்து வரிகளில் எழுது.